கவாத்து: செஸ் ஆடும் கம்ப்யூட்டர் கிளை வெட்டக் கற்ற கதை

செஸ் ஆடும் கம்ப்யூட்டர் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் கண்டிப்பாக இதைச் சொல்லுவார்: "அதுக்கென்னப்பா, எல்லா மூவையும் கணக்குப் போட்டுப் பாத்துடும், அதான் ஜெயிக்குது." கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா உண்மை கிட்டத்தட்ட நேர் எதிர். நல்ல செஸ் ப்ரோக்ராம் ஒன்று பார்க்கிற மூவ்களை விட, பார்க்காமலே தூக்கிப் போடுகிற மூவ்கள் பல மடங்கு அதிகம். அதன் கெட்டிக்காரத்தனமே அந்தத் தூக்கிப் போடுவதில்தான் இருக்கிறது.

எதைப் பார்க்க வேண்டாம் என்று, பார்க்காமலே எப்படித் தெரிந்துகொள்வது? இந்த ஒரு கேள்வியோடு அரை நூற்றாண்டுக்கும் மேலே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தோட்டக்காரர் பாஷையில் இதுக்குப் பேர் கவாத்து. முருங்கைக்கும் ரோஜாவுக்கும் கிளை கழிப்போமே, அதேதான். இங்கிலீஷ்காரர்களும் இதுக்கு 'ப்ரூனிங்' என்று தோட்டத்துச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். தப்பான கிளையைக் கழித்தால் அந்த வருஷம் காய் கிடையாது. செஸ்ஸிலும் அப்படித்தான்.

(கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கத் தெரிந்தால் போதும், பயப்படாம வாங்க.)

ஷானன் காட்டிய இரண்டு வழி

க்ளாட் ஷானன் 1949 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு கட்டுரை வாசித்தார். அடுத்த வருஷம், 1950ல், அது ஃபிலசாஃபிகல் மேகஸின் இதழில் அச்சானது. செஸ் ப்ரோக்ராமிங் முழுக்க அந்தக் கட்டுரையிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு சாதாரண நிலையில் சுமார் 30 மூவ் ஆட முடியும் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒருத்தர் ஒருமுறை காயை நகர்த்துவதை ஒரு படி என்று வைத்துக்கொள்வோம். நான் ஒன்று, நீங்கள் ஒன்று ஆடினால் இரண்டு படி, கிட்டத்தட்ட ஆயிரம் நிலைகள். நாற்பது மூவ் ஆட்டத்தை முழுக்கப் பார்க்கணும்னா ஒன்றுக்குப் பின்னால் 120 பூஜ்யம். பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களையே அதைவிடக் குறைவாகத்தான் கணக்கிடுகிறார்கள்.

ஆகவே இரண்டு வழி என்றார் ஷானன். ஏ வகை: குறிப்பிட்ட ஆழம் வரை எல்லா மூவையும் விடாமல் பார்ப்பது. பி வகை: மனிதன் மாதிரி, நல்லதாகத் தோன்றும் சில மூவ்களை மட்டும் எடுத்து ஆழமாகப் பார்ப்பது. ஷானனுக்கு ஏ வகை மேல் நம்பிக்கை இல்லை. எதிர்காலம் பி வகைக்குத்தான் என்று நினைத்தார். அன்றைக்கு யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கிராண்ட்மாஸ்டர் எல்லா மூவையுமா பார்க்கிறார்?

1956ல் லாஸ் அலமாஸில் மேனியாக் கம்ப்யூட்டரில் ஏ வகையை முயற்சி செய்தார்கள். பலகை 8க்கு 8 இல்லை, 6க்கு 6. பிஷப்பே கிடையாது. அப்படியும் நாலு படி பார்க்க ஒரு மூவுக்கு சுமார் 12 நிமிஷம் ஆனது. இதை வைத்து எப்படி முழுப் பலகையில் ஆடுவது?

ஏழு மூவ் போதும் என்றவர்

ஐபிஎம்மில் இருந்த அலெக்ஸ் பெர்ன்ஸ்டைன் பி வகையை எடுத்தார். ஐபிஎம் 704ல் ஓடிய அவர் ப்ரோக்ராம்தான் முழு செஸ்ஸையும் ஆடிய முதல் ப்ரோக்ராம்களில் ஒன்று. ஒவ்வொரு நிலையிலும் சில கேள்விகள் கேட்டு (ராஜாவுக்கு செக்கா? ஏதாவது காயை வெட்ட முடியுமா? கோட்டை கட்டலாமா?) ஏழே ஏழு மூவ்களைத் தேர்ந்தெடுக்கும். அப்படி நாலு படி. ஏழை நாலு முறை பெருக்கினால் 2,401 கடைசி நிலைகள். ஒரு மூவுக்கு சுமார் 8 நிமிஷம்.

பிரச்சினை புரிகிறதா? எட்டாவது மூவ்தான் ஜெயிக்கிற மூவ் என்றால் அந்த ப்ரோக்ராமுக்கு அது ஜென்மத்துக்கும் தெரியாது. ராணியைத் தியாகம் செய்து மூன்று மூவில் மேட் பண்ணும் அழகான ஆட்டங்கள் எல்லாமே முதல் பார்வைக்குப் பைத்தியக்கார மூவ்கள்தானே! அதுவாவது பரவாயில்லை. எதிராளியின் பதிலில் எட்டாவது மூவ் விட்டுப் போனால், நாம் நேராகப் போய்க் குழியில் விழுவோம்.

1956 கோடையில் டார்ட்மவுத்தில் செயற்கை நுண்ணறிவு பற்றிய பிரபலமான கூட்டம் நடந்தது. அந்தத் துறைக்குப் பெயர் வைத்த ஜான் மெக்கார்த்தி அங்கே பெர்ன்ஸ்டைனின் திட்டத்தைக் கேட்டுவிட்டு, அந்த இடத்திலேயே ஒரு குறை சொன்னார்: தேவையே இல்லாத கிளைகளை எல்லாம் ஆராய்கிறீர்களே! பெர்ன்ஸ்டைன் ஒத்துக்கொள்ளவில்லை. மெக்கார்த்தி பின்னாட்களில் இதை எழுதியிருக்கிறார். அவர் சொன்ன யோசனைதான் பிற்பாடு ஆல்ஃபா-பீட்டா என்று பெயர் பெற்றது.

மாம்பழக் கூடைக் கணக்கு

ஆல்ஃபா-பீட்டாவைப் புரிந்துகொள்ள ஒரு பழக்கடைக்குப் போவோம். உங்க முன்னாடி பல மாம்பழக் கூடைகள். எந்தக் கூடை என்று நீங்கள் சொல்லலாம். அதிலிருந்து எந்தப் பழம் என்பதைக் கடைக்காரர்தான் எடுப்பார். அவர் உங்கள் ஜென்ம விரோதி, இருப்பதிலேயே மட்டமானதைத்தான் எடுத்துத் தருவார். முதல் கூடையை முழுசாகக் கிளறிப் பார்த்துவிட்டீர்கள். அதில் இருக்கும் மட்டமான பழமே சுமாரான பழம்தான். இரண்டாவது கூடையைத் திறக்கிறீர்கள். முதல் பழமே அழுகல். மீதி 29 பழத்தையும் பார்க்கணுமா?

வேண்டாம். அதில் அல்போன்சா இருந்தாலும் சரி, இன்னும் மோசமான அழுகல் இருந்தாலும் சரி, கடைக்காரர் உங்களுக்குச் சுமார் பழம் தரப் போவதில்லை. இரண்டாவது கூடை அவுட். இவ்வளவுதான் விஷயம்.

கவனிக்க வேண்டியது என்னன்னா, இது ஊகம் இல்லை, நிரூபணம். மீதிப் பழங்களைப் பார்த்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஒரு பைசா நஷ்டம் இல்லாத கவாத்து. நியூவெல், ஷா, சைமன் மூவரும் 1958ல் வெளியிட்ட செஸ் ப்ரோக்ராமில் இது இருந்தது. சோவியத்தில் ப்ரூட்னோ 1963ல் தனியாகவே எழுதி வெளியிட்டார். 1975ல் க்னூத்தும் மூரும் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு நிலையிலும் சிறந்த மூவை முதலில் பார்க்கும் அதிர்ஷ்டம் இருந்தால், 30 மூவ், 6 படிக்கு 72.9 கோடி கடைசி நிலைகளுக்குப் பதில் 53,999 பார்த்தால் போதும்.

இப்ப அந்தச் சூத்திரத்தை பெர்ன்ஸ்டைன் கணக்கில் போட்டுப் பாருங்க. நாலு படி, 30 மூவ். ஆல்ஃபா-பீட்டாவின் மிகச் சிறந்த நிலையில் 1,799 கடைசி நிலைகள். அவர் ப்ரோக்ராம் பார்த்ததோ 2,401! அதாவது 23 மூவ்களைக் குருட்டுத்தனமாகத் தூக்கிப் போட்டுவிட்டும், ஒன்றைக்கூட விடாமல் பார்ப்பதற்கு ஆகும் குறைந்தபட்சச் செலவை விட அதிகமாகவே செலவு செய்திருக்கிறார். மூவ்களை அவ்வளவு கச்சிதமாக வரிசைப்படுத்துவது நடைமுறையில் முடியாது என்பது சரிதான். ஆனாலும் ஆபத்தான கவாத்து, ஆபத்தில்லாத கவாத்து ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது ஆபத்தானதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

தந்தியில் நடந்த சண்டை

மெக்கார்த்தியின் மாணவர் ஆலன் கோடக், எம்ஐடியில் 1962ல் தன் பட்டப்படிப்புக்காக ஒரு ப்ரோக்ராம் எழுதினார். ஆல்ஃபா-பீட்டா இருந்தது, ஆனா பி வகையும் இருந்தது. முதல் படியில் நாலு மூவ், அடுத்து மூன்று, அப்புறம் இரண்டு என்று குறுகிக்கொண்டே போகும். மெக்கார்த்தி ஸ்டான்ஃபோர்டுக்குப் போனபோது அதையும் கொண்டு போனார். 1966 நவம்பரில் மாஸ்கோவின் ஐடெப் நிறுவன ப்ரோக்ராமுடன் தந்தி மூலம் நாலு ஆட்டப் பந்தயம். பல மாதம் இழுத்தது.

மாஸ்கோ பக்கம் அடெல்சன்-வெல்ஸ்கி (கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு ஏவிஎல் மரத்தில் வரும் 'ஏவி' இவர்தான்), அர்லசாரோவ் முதலியோர். அவர்களுடையது அக்மார்க் ஏ வகை. எல்லா மூவும் பார்க்கும், ஆனா கொஞ்ச ஆழம்தான். மூன்று படி பார்த்த இரண்டு ஆட்டங்கள் டிரா. ஐந்து படி பார்த்த இரண்டும் மாஸ்கோ வெற்றி. மொத்தம் 3-1. ஆழமாகப் பார்த்தும் நாலு மூவுக்கு மேல் எட்டிப் பார்க்காத அமெரிக்க ப்ரோக்ராம், கண் திறந்திருந்த ப்ரோக்ராமிடம் தோற்றது.

அப்படியும் பி வகை ஆசை விடவில்லை. 1967ல் க்ரீன்ப்ளாட்டின் மேக்ஹேக் மனிதர்களின் போட்டிகளில் கலந்துகொண்டு ரேட்டிங் வாங்கியது. அதுவும் பி வகைதான். ஆனா முதல் படியில் பதினைந்து மூவ் வரை பார்த்தது. வலையை அகலமாக விரித்ததும் ஆட்டம் தேறிவிட்டது.

தீர்ப்பு வந்தது 1973ல். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்லேட், அட்கின் இருவரும் தங்கள் பி வகை ப்ரோக்ராமைத் தூக்கிப் போட்டுவிட்டு செஸ் 4.0 என்று புதிதாக எழுதினார்கள். எல்லா மூவும் பார்ப்பது, ஆல்ஃபா-பீட்டா, நல்ல வரிசைப்படுத்தல், அவ்வளவுதான். எந்த மூவ் உருப்படியானது என்று யோசிக்க ஆகும் நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்தே விடலாம் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. கூடவே நிம்மதி! "ஏன் இந்த மூவை விட்டுச்சு?" என்று ராத்திரி முழுக்கத் தேட வேண்டாம். அந்த வருஷமே அமெரிக்கக் கம்ப்யூட்டர் செஸ் போட்டியில் ஜெயித்தார்கள். 1974ல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கம்ப்யூட்டர் செஸ் போட்டியில் ஐடெப் ப்ரோக்ராமின் வாரிசான கைஸ்ஸா. 1977ல் டொரான்டோவில் செஸ் 4.6. 1978ல் டேவிட் லெவி தன் பிரபலமான பத்து வருஷப் பந்தயத்தை 3.5-1.5 என்று ஜெயித்தார். ஆனா தோற்ற செஸ் 4.7 அவரிடமிருந்து ஒரு முழு ஆட்டத்தைப் பறித்திருந்தது.

இந்த இடத்தில் மிகயில் போட்வின்னிக் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மூன்று முறை உலக சாம்பியன் பட்டம் பிடித்தவர், தொழிலில் மின் பொறியாளர். கிராண்ட்மாஸ்டர் யோசிப்பது போலவே யோசிக்கும் ப்ரோக்ராம் வேண்டும் என்று 'பயனியர்' திட்டத்தில் வருஷக்கணக்கில் உழைத்தார். சில கடினமான எண்ட்கேம் புதிர்களை அது தீர்த்தது. ஆனா உலகப் போட்டி எதிலும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. செஸ் எப்படி ஆடுவது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அந்த அறிவை "இதை வெட்டு, அதை வெட்டாதே" என்று இயந்திரத்துக்குச் சொல்லித் தருவதுதான் நடக்கவில்லை.

கவாத்து திரும்பி வந்தது, வேறு வேஷத்தில்

இத்தோடு கதை முடிந்திருந்தால், 'முரட்டுத்தனமே வெல்லும்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனா ஆல்ஃபா-பீட்டாவுக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு கூடுதல் படிக்கும் வேலை ஐந்தாறு மடங்கு ஏறும். அப்புறம் வெட்டித்தான் ஆகணும். எப்படி வெட்டுவது?

முதலில் நுனியில் வெட்டினார்கள். 1977ல் பர்மிங்ஹாமும் கென்ட்டும் எழுதிய 'ரேஸரிங்', 1980களில் ஜொனாதன் ஷேஃபர் எழுதிய 'ஃப்யூட்டிலிட்டி' எல்லாம் இந்தக் குடும்பம். ராணி போயாச்சு, பார்க்க ஒரே ஒரு படிதான் பாக்கி. அதில் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் என்ன ஆகிவிடப் போகுது? குழம்பு அடிபிடித்த பிறகு கொத்தமல்லி தூவி என்ன பிரயோஜனம்? அதனால் பார்க்காமல் விடு. வெட்டு, செக் மாதிரி மூவ்களை மட்டும் பார். இது நிரூபணம் இல்லை, ஆனா வேருக்குப் பக்கத்தில் வெட்டாததால் தப்பினாலும் சேதம் குறைவு.

அடுத்தது நல் மூவ். யோசனை பழசு. டான் பீல் 1980களில் ஆராய்ந்தார். 1993ல் க்ரில்லி டோனிங்கர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு எல்லா ப்ரோக்ராமிலும் பரவியது. இது எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம். "என் முறையை விட்டுக்கொடுக்கிறேன், நீயே இன்னொரு தடவை ஆடிக்கோ" என்று எதிராளிக்கு ஒரு ஓசி மூவ் தருவது. செஸ்ஸில் அப்படிப் பாஸ் சொல்ல முடியாது, இது மனசுக்குள் மட்டும். அதற்குப் பிறகு இரண்டு படி குறைத்து மேலோட்டமாகப் பார். தொடர்ந்து இரண்டு மூவ் ஆடியும் எதிராளியால் என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் அந்த நிலை எனக்கு அவ்வளவு நல்ல நிலை. ஆகவே எதிராளி என்னை அங்கே வர விடவே மாட்டார். முழுக்கிளையும் வெட்டு.

செஸ் அறிவே தேவைப்படாத கவாத்து இது! ஆனா ஒரு ஓட்டை உண்டு. 'ஆடாமல் இருப்பதை விட ஏதாவது ஆடுவது நல்லது' என்று இது நம்பிக்கொண்டிருக்கிறது. எண்ட்கேமில் அது பொய்யாகலாம். வெள்ளை ராஜா டி6ல், சிப்பாய் இ6ல், கறுப்பு ராஜா டி8ல். பலகையில் வேறு எதுவும் இல்லை. வெள்ளை ஆட வேண்டும் என்றால் டிரா. கறுப்பு ஆட வேண்டும் என்றால் கறுப்புக்குத் தோல்வி. ஜெர்மன்காரர்கள் இதை சுக்ஸ்வாங் என்பார்கள். கறுப்புக்காக யோசிக்கும் ப்ரோக்ராம் இங்கே மனசுக்குள் பாஸ் சொன்னால் "அட, டிராதானே" என்று நினைத்து ஏமாறும். அதனால் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் நல் மூவை அணைத்துவிடுவது வழக்கம்.

இந்தக் காலத்தில்தான் சாதாரண பிசியில் ஓடும் ப்ரோக்ராம்கள் பயமுறுத்த ஆரம்பித்தன. 1994ல் லண்டனில் ரிச்சர்ட் லாங்கின் செஸ் ஜீனியஸ் வேக ஆட்டத்தில் காஸ்பரோவை வெளியேற்றியது. அரையிறுதியில் அதை நிறுத்தியது நம்ம சென்னை விஸ்வநாதன் ஆனந்த், 2-0! 1995 மே மாதம் ஹாங்காங் உலகப் போட்டியில் பிசியில் ஓடிய ஃப்ரிட்ஸ் 3, ஐபிஎம்மின் டீப் ப்ளூ முன்மாதிரியைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியது. ஒரே ஆட்டத்தை வைத்துக் கோட்பாட்டுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்றாலும் செய்தி எல்லோருக்கும் புரிந்தது. (போட்வின்னிக் காலமானதும் அதே மாதத் தொடக்கத்தில்தான்.)

வேடிக்கை என்னன்னா, 1997ல் காஸ்பரோவை 3.5-2.5 என்று ஜெயித்த டீப் ப்ளூவில் நல் மூவ் கிடையாது. விநாடிக்கு சுமார் 20 கோடி நிலைகளைப் பார்க்கும் 480 சிறப்பு சில்லுகள் இருந்ததால் வெட்டுவதைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. அவர்கள் செய்தது எதிர் வேலை. ஒரு நிலையில் ஒரே ஒரு மூவ் மட்டும் தனித்து நல்லதாகத் தெரிந்தால், அந்தக் கிளையை இன்னும் ஆழமாக நீட்டிப் பார்ப்பது. இது டீப் ப்ளூவின் முன்னோடியான டீப் தாட்டிலேயே இருந்தது. ஹ்சூ, கேம்ப்பெல் இவர்களோடு இந்தியாவிலிருந்து போன தாமஸ் அனந்தராமனும் சேர்ந்து கொண்டுவந்த உத்தி அது. யோசித்தால் நீட்டுவதும் கவாத்தும் ஒன்றுதான். நேரம் ஒரே பைசாதான், ஒரு கிளைக்குக் கூடக் கொடுத்தால் இன்னொரு கிளைக்குக் குறையும்.

மேல்முறையீடு உள்ள தண்டனை

ஃபாபியன் லெடூசே தன் ஃப்ரூட் ப்ரோக்ராமின் மூலத்தைத் திறந்து வைத்தார். 2005 உலகப் போட்டியில் அது இரண்டாம் இடம். அதிலும், டார்ட் ரோம்ஸ்டாடின் க்ளாருங்கிலும் (பிற்பாடு 2008ல் ஸ்டாக்ஃபிஷ் ஆனது இதுதான்) பிரபலமானது 'லேட் மூவ் ரிடக்‌ஷன்'. மூவ்களை நல்லபடியாக வரிசைப்படுத்தியாச்சு. முதல் சிலவற்றை முழு ஆழத்துக்குப் பார். வரிசையில் பின்னால் வருவதை ஆழம் குறைத்துப் பார். அப்படி அரைக்கண்ணால் பார்த்தபோதே ஒன்று எதிர்பாராமல் நன்றாகத் தெரிந்தால், திரும்பக் கூப்பிட்டு முழு ஆழத்துக்கு விசாரி.

பெர்ன்ஸ்டைனின் எட்டாவது மூவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. அங்கே எட்டாவது மூவுக்கு வாசலிலேயே கதவடைப்பு. இங்கே எட்டாவதும் முப்பதாவதும் உள்ளே வரலாம், ஆனா நேரம் கம்மி. திறமை இருந்தா மேல்முறையீடு உண்டு. கவாத்துகளை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். ஆல்ஃபா-பீட்டா நிரூபித்துவிட்டு வெட்டுகிறது. நல் மூவ் ஒரு சோதனை வைத்து வெட்டுகிறது. லேட் மூவ் ரிடக்‌ஷன் வெட்டாமல் தள்ளிவைக்கிறது. 1950களின் பி வகையோ அபிப்பிராயத்தை வைத்து வெட்டியது. தோற்றது அந்த ஒன்றுதான்.

2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ வந்தபோது ஷானனின் பி வகை மறுபடி ஜெயித்துவிட்டது என்று பேச்சு. விநாடிக்கு 80,000 நிலை மட்டும் பார்த்து, 7 கோடி பார்க்கும் ஸ்டாக்ஃபிஷ்ஷை நூறு ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா என்று அடித்தது. எந்த மூவ் உருப்படி என்று அதற்கு நரம்பு வலை சொல்கிறது, வாஸ்தவம். ஆனா அதுவும் எந்த மூவையும் நிரந்தரமாக ஒழிப்பதில்லை. நேரம் ஆக ஆக, கவனிக்கப்படாத மூவ்களுக்கும் ஒரு முறை வந்து சேரும்படி கணக்கு வைத்திருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ்ஷும் நிலையை எடை போட நரம்பு வலையைச் சேர்த்துக்கொண்டது. கிளை வெட்டுவது மட்டும் பழைய ஆல்ஃபா-பீட்டா குடும்பத்து வேலையாகவே தொடர்ந்தது.

போட்வின்னிக்கும் பெர்ன்ஸ்டைனும் சொன்னதில் பாதி சரி: எல்லாவற்றையும் பார்க்க முடியாது, வெட்டித்தான் ஆகணும். விட்டுப் போன பாதி, வெட்டினவன் கை தப்பியிருந்தால் அந்தக் கிளை திரும்பத் துளிர்க்க ஒரு கணு விட்டு வெட்டணும் என்பது. இதை முருங்கை வெட்டுகிற எந்தத் தோட்டக்காரரும் சொல்லியிருப்பார் :-)

அடுத்து மூவ்களை வரிசைப்படுத்தும் கலை பற்றி எழுத ஆசை. இத்தனை கவாத்தும் அதை நம்பித்தான் நிற்கிறது. செஸ் ப்ரோக்ராம் எழுதிப் பார்த்தவங்க யாராவது இருந்தா, நல் மூவ் உங்களை எங்கே கவிழ்த்ததுன்னு சொல்லுங்க. அதையும் சேர்த்துக்கலாம்.